கல்லுக்குக் காசு வராது

“நாப்பது கிராம்னு சொல்லிட்டா ஆச்சா? அதுல தங்கம் எவ்வளவு, கல்லு எவ்வளவு? பிரிச்சுச் சொல்லு.”

நகைக்கடையே திரும்பிப் பார்க்கிற குரல். கம்மல் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், மோதிரத்துக்கு விரலை நீட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லார் காதும் அந்தப் பக்கம் போய்விட்டது.

மேனேஜர் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். இந்த மாதிரி வாய்க்காரம்மாக்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். ஆனால் இந்த அம்மாள் போய் உட்கார்ந்தது புதிதாகச் சேர்ந்த பெண்ணின் கவுன்டரில்.

அவருக்குக் கடை என்றால் உயிர். உள்ளே வந்தவர் யாரும் வெறுங்கையை வீசிக்கொண்டு போகக்கூடாது என்பது அவர் கொள்கை. அதில் அவருக்கு ஏகப் பெருமை. இந்தப் பெண்ணுக்கு மட்டும் அது புரிவதில்லை. யார் எதைக் கேட்டாலும் உள்ளதை உள்ளபடி ஒப்பித்துவிடுவாள். நேற்றுக்கூட ஒரு குடும்பம் அவள் சொன்னதைக் கேட்டு, யோசித்துவிட்டு வருகிறோம் என்று நழுவிவிட்டது. மேனேஜர் எல்லார் முன்னாலும் அவளைப் பிடிபிடி என்று பிடித்துவிட்டார்.

“எத்தனை தடவை ட்ரெயினிங் குடுத்தாலும் உன் மண்டையில ஏறாதா? நாளைக்கு ஒருநாள் பார்ப்பேன். அப்புறம் கவுன்டர் பக்கமே வராதே, உள்ள போய் நகைப்பெட்டியத் துடைச்சுக்கிட்டிரு.”

அந்த ஒருநாள்தான் இன்றைக்கு.

அம்மாளைப் பார்த்ததுமே அந்தப் பெண்ணுக்குக் கை ஓடவில்லை. ஆரத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். பயந்துவிட்டாள் போலிருக்கிறது, நல்லதுதான், பயம் இருந்தால் வாய் குறையும் என்று மேனேஜர் மனசைத் தேற்றிக்கொண்டார்.

“என்னம்மா யோசிக்கிறே? நீ யோசிச்சா கல்லு தங்கமாயிடுமா? முதல்ல அந்த நூலையும் அட்டையையும் கழட்டிட்டு எடை போடு. அதுக்கும் நான் காசு குடுக்கணுமா?”

“பாவம் அந்தப் பொண்ணு,” என்று யாரோ முணுமுணுத்தார்கள். “இந்தம்மா வீட்டுக்கு மருமகளா போறவ என்ன பாடுபடுவாளோ!”

பெண் நூலைக் கழற்றினாள். எடை போட்டாள். அட்டையில் எழுதியிருந்த கல் எடையையும் பார்த்துக்கொண்டாள்.

“கல்லும் உள்ள வச்சிருக்கிற அரக்கும் சேர்ந்து எட்டு கிராம் மேடம். தங்கம் முப்பத்திரண்டுதான்.”

“மொத்தத்தையும் தங்க விலையில போட்டுடுவீங்களோ?”

“கூடாது மேடம். தங்கம் தனி, கல்லு தனின்னு பில்லுல வரணும். வரலைன்னா நீங்க கேட்டு வாங்கணும்.”

மேனேஜர் பல்லைக் கடித்தார்.

“நாளைக்கு ஒரு அவசரம்னு திருப்பிக் கொண்டுவந்தா?”

“தங்கத்துக்குத்தான் காசு. கல்லுக்குக் காசு வராது மேடம். செய்கூலி, சேதாரம் எல்லாம் போனது போனதுதான். இது நுணுக்கமான வேலை, அதனால சேதாரமும் ஜாஸ்தி.”

“அப்போ வாங்காதேங்கிறியா?”

இப்போதாவது வாயை மூடு தாயே என்று மேனேஜர் மனசுக்குள் கும்பிட்டார்.

“ஆசைக்குன்னா தாராளமா வாங்குங்க மேடம், உங்க கழுத்துக்கு எடுப்பா இருக்கும். ஆத்திர அவசரத்துக்கு உதவணும்னா கல் இல்லாத வளையலா எடுங்க. உள்பக்கம் ஹால்மார்க் முத்திரை இருக்கும். லென்ஸ் தரேன், நீங்களே பாத்துக்குங்க.”

சொல்லும்போது அவள் குரல் நடுங்கவில்லை. தலையும் குனியவில்லை. அதுதான் மேனேஜருக்கு இன்னும் ஆத்திரம். இவளை இப்போதே உள்ளே அனுப்பிவிட வேண்டியதுதான் என்று அடியெடுத்து வைத்தார்.

அதற்குள் பக்கத்துக் கவுன்டரில் ஒரு நாற்காலி நகர்ந்தது. கல்யாணத்துக்கு நகை எடுக்க வந்த குடும்பம். கல் வைத்த செட் ஒன்றுக்குக் கிட்டத்தட்டத் தலையாட்டியிருந்தார்கள். கல்யாணப் பெண்ணின் தாய் அதை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். மேனேஜருக்கு உயிரே போய்விட்டது.

“எங்களுக்கும் இந்தப் பொண்ணே காட்டட்டும்,” என்றாள் அவள். “கேட்டதுக்கு உண்மையைச் சொல்றா. கல்யாணத்துக்கு வேண்டியது மொத்தத்தையும் இவகிட்டயே எடுத்துக்கிறோம்.”

கம்மல்காரர்களும் மெல்ல இந்தப் பக்கம் நகர்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கவுன்டரில் ஈ நுழைய இடமில்லை. மேனேஜரே ஓடி ஓடி நாற்காலி போட்டார்.

வாய்க்காரம்மா மெல்லிசாக ஒரு ஜோடி வளையல் எடுத்தாள். லென்ஸை வாங்கி முத்திரையைப் பார்த்தாள். பில்லை வரிவரியாகப் படித்தாள். பிறகு பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினாள்.

மேனேஜர் முந்திக்கொண்டு போய்க் கதவைத் திறந்துவிட்டார்.

“ரொம்ப சந்தோஷம் மேடம். நீங்க கேட்ட கேள்விக்கெல்லாம் வேற கடையா இருந்தா முழி பிதுங்கியிருக்கும்.” அவர் நெஞ்சு தானாக நிமிர்ந்தது. “எல்லாம் நாங்க குடுக்கிற ட்ரெயினிங். அந்தப் பொண்ணுக்கு நானே பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்தேன்.”

அம்மாள் நின்றாள். கூட்டத்துக்கு நடுவில் தராசைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். இவ்வளவு நேரம் கடுகடுவென்று இருந்த முகம் பூரித்துப் போயிருந்தது.

“உங்க ட்ரெயினிங் அவ மண்டையில ஏறவே இல்லைன்னு நேத்து நீங்கதானே சார் திட்டினீங்க? இது அவ பொறந்ததுலேர்ந்து நான் குடுத்த ட்ரெயினிங்.”