நூற்று முப்பத்தெட்டு கிரெடிட்

கையெழுத்துக்காகக் கோப்பு அவளிடம் வந்தபோது மிக்சர் தட்டு காலியாகியிருந்தது.

பாடத்திட்டக் குழுவில் ஐந்து பேர். நான்கு பேர் கடைசிப் பக்கத்தை மட்டும் திருப்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அவளும் போட்டால், ஜூனில் இந்தக் கல்லூரியில் கணினி அறிவியல் பட்டப்படிப்பு தொடங்கிவிடும்.

ஒன்பது வருடமாக அவள் கேட்டுக்கொண்டிருந்த படிப்பு.

கோப்பில் இருந்த பாடத்திட்டம் மட்டும் அவளுடையது அல்ல.

மகிழ்நனுடையது. எதிரே உட்கார்ந்து பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தான். வேலைக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. பெங்களூரில் படித்தவன்.

கணிதத் துறையில் இருந்துகொண்டு கணினிப் பாடங்களையும் தலையில் போட்டுக்கொண்டு நடத்தியவள் அவள். முதல்வர் இருவரையும் தனித்தனியாக எழுதச் சொன்னார். அவளுடையதில் பெரிய கல்லூரிகளில் இருப்பது ஒன்றுவிடாமல் இருந்தது.

அவன் பாதியைக் குறைத்திருந்தான். இருப்பதே ஒரு லேப், மூன்று ஆசிரியர்கள். அதற்குள் அடங்கும்படி எழுதியிருந்தான். இரண்டாம் வருடம் ஒவ்வொரு மாணவரும் இன்னொரு துறைக்குப் போய் அவர்களுக்கு வேண்டிய புரோகிராம் எழுதித் தர வேண்டும். வரலாற்றுத் துறைக்குக் கல்வெட்டுப் பட்டியல். தாவரவியலுக்கு இலைகளை அடையாளம் காண ஒன்று. மதிப்பெண்ணும் அந்தத் துறையினர்தான் போடுவார்கள்.

சின்னக் கல்லூரியாக இருப்பதையே வசதியாக்கிவிட்டான்.

இது தனக்கு ஏன் தோன்றவில்லை?

அதுதான் வயிற்றெரிச்சல். மோசமாக எழுதியிருந்தால் பெரிய மனது பண்ணிப் பாராட்டியிருப்பாள்.

கூட்டத்துக்கு முன்பே அதை வீட்டில் மூன்று முறை படித்திருந்தாள். குறை தேடித்தான் படித்தாள். ஞாயிற்றுக்கிழமை, குக்கர் விசில் விட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அகப்பட்டது.

சுற்றுச்சூழல் கல்வி இல்லை.

கட்டாயப் பாடம். இரண்டு கிரெடிட். இந்தப் பக்கம் படித்த எவரும் தூக்கத்தில்கூட விடமாட்டார்கள். பட்டத்துக்கு நூற்று நாற்பது வேண்டும். கடைசிப் பக்கத்தில் அச்சிட்ட படிவத்தில் இருந்த நூற்று நாற்பதை அப்படியே விட்டிருந்தான். கூட்டினால் நூற்று முப்பத்தெட்டுதான் வந்தது.

மூன்று வருடம் கழித்து, முதல் செட் பிள்ளைகள் பட்டத்துக்கு நிற்கும்போது வெளியே வரும். நாற்பது பிள்ளைகள். யார் போட்ட திட்டம் என்று அப்போது கேட்பார்கள்.

அன்று அவள் இரண்டு கரண்டி கூடுதலாகச் சாப்பிட்டாள்.

"மேடம், ஏதாவது திருத்தம் இருக்கா?" பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த நிபுணர் கேட்டார்.

"இல்ல சார்."

போட்டாள். கையெழுத்துக்குக் கீழே தேதியும் போட்டாள்.

நிபுணர் கோப்பை வாங்கிப் பைக்குள் வைத்தார்.

மகிழ்நன் மேசைக்கு மேலாகக் குனிந்தான். முகமெல்லாம் சிரிப்பு. "கடைசியா ஒரு தடவ கூட்டிப் பாக்கலாம்னுதான் இருந்தேன் மேடம். நீங்க முழுசா படிச்சிட்டீங்கன்னு பிரின்சிபால் சொன்னாங்க. அப்புறம் எதுக்குன்னு விட்டுட்டேன்."

இந்தப் பாவி நல்லவனாக வேறு இருந்து தொலைக்கிறான்.

நிபுணர் எழுந்துவிட்டார்.

"சார். ரெண்டு கிரெடிட் குறையுது."

கோப்பு மறுபடி வெளியே வந்தது. அவர் விரல் வைத்துக் கூட்டினார். இன்னொரு முறையும் கூட்டினார். அவளுடைய கையெழுத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"எப்ப மேடம் கவனிச்சீங்க?"

இப்போதுதான் என்கிற சொல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. மகிழ்நன் நன்றியோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஞாயித்துக்கிழமை" என்றாள்.