மெம்பர் வீட்டு முற்றுகை

குழாயைத் திருகினார் தலைவர். காற்றுதான் வந்தது. பாதி முகத்தில் ஷேவிங் நுரையோடு ஹாலுக்குப் பாய்ந்தார்.

"மூணு நாளா தண்ணி இல்ல! நம்ம தொகுதி மெம்பர் தூங்குறானா?" என்று கத்திக்கொண்டே கட்சிச் செயலாளருக்குப் போன் போட்டார். மாறி மாறி வந்த மாகாண சபை மெம்பர்களை எதிர்த்துக் குரல் கொடுத்தே அவருக்குத் தலை நரைத்திருந்தது.

"பத்து மணிக்கு முற்றுகை. நம்ம ஆளுங்க எல்லாரும் காலிக் குடத்தோட மெம்பர் வீட்டு வாசலுக்கு வந்துடணும்."

"மெம்பர் வீட்டுக்கா தலைவரே?" செயலாளர் தயங்கினார்.

"ஏன்யா, பயமா?"

"அதெல்லாம் இல்ல... நீங்க சொன்னா சரி தலைவரே."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், மனைவி வாசலில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு இதெல்லாம்?"

"முற்றுகைக்கு வர்றவங்களுக்கு."

"அவங்க இங்க ஏன் வரப்போறாங்க? மெம்பர் வீட்டுக்குல்ல வரச் சொன்னேன்!"

"அதான் வர்றாங்க. அஞ்சு தடவை தோத்த பழக்கம் இன்னும் விடலையா? போன வாரம் ஜெயிச்சது யாருங்க?"

தலைவர் பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"ஐயையோ! கோஷம் மட்டும் வேண்டாம்னு சொல்லிடட்டுமா?"

"சொல்லிப் பாருங்க" என்றபடி, காலிக் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள் மனைவி. "முதல் கோஷமே நான்தான் போடப்போறேன்!"