பாண்டீஸ்வரிக்கு வந்த சீர்

தாது மணல் ஆலையை மூடிய பிறகும், அங்கே குவிந்து கிடந்த கதிர்வீச்சு மண் ஊர்க் கிணறுகளைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. காண்ட்ராக்ட் எடுத்து அதைச் சுத்தமாக அள்ளி அப்புறப்படுத்தியவன் முத்தரசு. ஊரே கும்பிட்டது. தங்கை பாண்டீஸ்வரிக்குப் பெருமை தாங்கவில்லை.

காரைக்குடி ஓரத்தில் அவள் வீடு கட்டிய மனை வெறும் பள்ளம். மண் அடித்து மேடாக்கிக் கொடுத்ததும் அண்ணன்தான். "இது என் சீரு தாயி" என்றுவிட்டான்.

இன்று பால் காய்ச்சினார்கள்.

"அண்ணே, பொறந்த வீட்டு ஆளுக இன்னைக்கு இங்கனதான் படுத்து எந்திரிக்கணும்."

"லோடு இருக்கு தாயி."

"அப்ப மதினியும் புள்ளையும் இருக்கட்டும்."

"வேத்து எடம்னா அதுகளுக்குத் தூக்கம் வராது."

"தங்கச்சி வீடு வேத்து எடமாப் போச்சாக்கும்."

சிரித்துக்கொண்டே பாய் எடுக்கப் போனாள். திரும்பி வந்தபோது, தரையில் விளையாடிய தன் மகளை மதினி வெடுக்கென்று தூக்கிக்கொண்டிருந்தாள்.

"கூறு இருக்கா ஒங்களுக்கு? கீழ பூராம் அந்த ஆலை மண்ணுனு தெரிஞ்சும் புள்ளைய எறக்கி விட்டிருக்கீக" என்று புருஷனைக் கடிந்தாள்.

பாண்டீஸ்வரி பாயைப் பிடித்தபடி நின்றாள். அவளுடைய கைக்குழந்தை அதே தரையில் குப்புற விழுந்து, மாமனைப் பார்த்துச் சிரித்தது.