சிங்க்கில் போன சத்து

உருளைக்கிழங்கில் சத்து ஒன்றும் கிடையாது, வெறும் மாவு என்று பரவலாக ஒரு நம்பிக்கை உண்டு. மனித குலம் சுமந்து திரியும் பெரும்பிழைகளில் இது ஒன்று. மேலும் பரவுவதற்குள் திருத்திவிடுவது நல்லது. எடைக்கு எடை பார்த்தால் வாழைப்பழத்தைவிட உருளைக்கிழங்கில்தான் பொட்டாசியம் அதிகம். ஆனால் பொடியாக நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்தால், அதில் பாதி தண்ணீரோடு போய்விடும்.

சீதாலெட்சுமிக்கு இது தெரியும். மலேசியாவில் பந்திங் என்ற ஊரில் இருபத்தாறு வருடம் பள்ளிக்கூட கேன்டீன் நடத்தியவர். அதனால்தான், கிள்ளானில் தம்பி வீட்டுக்கு வந்து இறங்கிய திங்கட்கிழமையே தம்பி மருமகளின் சமையல் அவர் கண்ணை உறுத்தியது.

விஷ்ணுப்ரியா உருளைக்கிழங்கைச் சுண்டைக்காய் அளவுக்கு நறுக்கினாள். வேகவைத்தாள். தண்ணீரைச் சிங்க்கில் கொட்டினாள். புதுத்தண்ணீர் ஊற்றி மறுபடி வேகவைத்தாள். அதையும் கொட்டினாள். முருங்கைக்கீரைக்கும் இதே கதி.

"சத்தெல்லாம் சிங்க்குல ஓடுதேம்மா."

"மாமாவுக்கு இப்படித்தான் அத்தை."

மேசையில் தம்பி பக்கிரிசாமியின் தட்டில் வெளுத்துப்போன பொரியல். பக்கத்தில் ஒரு சின்னக் கிளாஸில் முக்கால் அளவு தண்ணீர்.

"தண்ணி கூடவா அளந்து?"

"போதும்க்கா," என்றார் பக்கிரிசாமி. உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டார்.

சாமிக்கு வைத்த வாழைப்பழத்தில் அத்தைக்கு ஒன்று கொடுத்துவிட்டு, தனக்கு ஒன்றை உரித்தாள் விஷ்ணுப்ரியா. மாமனாருக்கு இல்லை.

விஷ்ணுப்ரியாவின் கணவன் தனேஷுக்குக் கப்பலில் வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் வருவான். ஆக, கேட்க ஆள் இல்லை என்று சீதாலெட்சுமி மனதுக்குள் குறித்துக்கொண்டார்.

மறுநாள் செவ்வாய். விடிவதற்குள் மருமகள் மாமனாரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனாள். மத்தியானம் திரும்பி வந்தவர், பிழிந்து போட்ட துணி மாதிரி நாற்காலியில் சாய்ந்தார்.

"எங்கடா போய்ட்டு வரே?"

"சும்மா, ஒரு வேலையா."

வேலை! பக்கத்து வீட்டுத் தாமரையிடம் வேலியோரம் நின்று விசாரித்தார் சீதாலெட்சுமி.

"வாரத்துல மூணு நாளு ஆன்டி. தவறவே தவறாது. இந்த வெயில்லயும் முழுக்கைச் சட்டை. செக்யூரிட்டி கார்டு வேலையா இருக்குமோ?"

"அறுபத்தேழு வயசுலயா?"

"நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க லா."

புதன்கிழமை காலை விஷ்ணுப்ரியா சமையலை முடித்துத் துறைமுக ஆபீசுக்கு அவசரமாகக் கிளம்பினாள்.

"தண்ணிய நான் கொட்டறேம்மா, நீ போ," என்றார் சீதாலெட்சுமி.

கொட்டவில்லை. கிழங்குத் தண்ணீரையும் கீரைத் தண்ணீரையும் ஒன்றாக ஊற்றி, தக்காளி, பூண்டு, மிளகு தட்டிப்போட்டு, மத்தியானத்துக்குள் அருமையான சூப் ஒன்றை இறக்கினார்.

"குடி தம்பி. ரெண்டு நாள் சத்து இதுல இருக்கு."

பக்கிரிசாமி கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கினார். "ஆறட்டும்க்கா."

ஊதினார். மறுபடி ஊதினார்.

"எப்பவோ ஆறிடுச்சு."

"இன்னும் கொஞ்சம்."

"அவளுக்குப் பயப்படறியா? துணிமணிய எடுத்து வை. இன்னிக்கே என்கூட பந்திங் வந்துடு. தினம் ஒரு இளநீ வெட்டித் தரேன். உன்னை இங்க விட்டுட்டுப் போனா, அடுத்த தடவை காரியத்துக்குத்தான் வரணும்."

பக்கிரிசாமி அக்காவின் முகத்தைப் பார்த்தார். தாகம் வேறு. கிண்ணம் மெல்ல உதட்டுக்குப் போனது.

வாசல் கதவு திறந்தது. சாப்பாட்டு நேரத்துக்கு வந்த விஷ்ணுப்ரியா கைப்பையைக்கூட வைக்கவில்லை. பாய்ந்து கிண்ணத்தைப் பிடுங்கினாள். அப்படியே சிங்க்கில் கவிழ்த்தாள்.

"எவ்வளவு குடிச்சீங்க மாமா?"

"உதட்டுலதான் பட்டுச்சு."

"என் கண்ணு முன்னாலயே பிடுங்கறியா!" சீதாலெட்சுமி எழுந்துவிட்டார். "அவனை வேலைக்கு அனுப்பறே. பழம் உனக்கு, சக்கை அவனுக்கு. இவன் போய்ட்டா வீடு உன் கைக்கு வந்துடும்னு கணக்கா?"

விஷ்ணுப்ரியாவின் கண் நிறைந்தது. மாமனாரை மட்டும் பார்த்தாள்.

பக்கிரிசாமி இடது கைச் சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டினார். நரம்பு ஒன்று கயிறு மாதிரி புடைத்திருந்தது. அதன் மேல் வரிசையாக ஊசித் தழும்புகள்.

"கிட்னி ரெண்டும் போச்சுக்கா. ஒரு வருஷமாச்சு. வாரம் மூணு நாள் மெஷின்ல ரத்தத்தைச் சுத்தம் பண்றாங்க. நீ சொல்ற சத்து என் உடம்பை விட்டு வெளிய போகாது. சேர்ந்துச்சுன்னா நெஞ்சு நின்னுடும். வாழைப்பழம், இளநீ, எல்லாமே அப்படித்தான். தண்ணி குடிச்சா அதுவும் தங்கிடும்."

சீதாலெட்சுமி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"என்கிட்ட ஏண்டா சொல்லலே?"

"சொன்னா, என்னோடது ஒண்ணை எடுத்துக்கோன்னு வந்து நிப்பே. உனக்கே ஷுகர். சொல்லக்கூடாதுன்னு இவகிட்ட சத்தியம் வாங்கிட்டேன். 'அத்தை தப்பா நினைச்சா நினைக்கட்டும் மாமா, திட்டை நான் வாங்கிக்கறேன்'னா."

விஷ்ணுப்ரியா மூன்று தட்டுகளை எடுத்து வைத்தாள்.

சாப்பிட்டுக் கை கழுவியதும், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் விஷ்ணுப்ரியாவைப் பற்றிக் காலையில் போட்டிருந்த நான்கு நிமிட வாய்ஸ் மெசேஜை சீதாலெட்சுமி அழித்தார். குழுவில் இருந்த நாற்பத்திரண்டு பேரில் முப்பத்தொன்பது பேர் அதற்குள் கேட்டு முடித்திருந்தார்கள்.