உள் தாழ்ப்பாள்

வீடு காட்டும் புரோக்கர்கள் துப்பாக்கி மறைத்து வைத்துக்கொள்ளலாம். பார்க்க வந்தவன் உள்ளே தாழ்ப்பாள் போட்டால் சுடலாம். தாழிட்டதைக் கதவே பதிவுசெய்துவிடும், வழக்கு கிடையாது.

ஜெசிந்தாவின் தங்கை ரோஸ்லின் செத்த பிறகுதான் இந்தச் சட்டம் வந்தது. வீடு காட்டப் போனவளைக் காலி வீட்டில் தாழிட்டுக் கொன்றவன் சாட்சியில்லை என்று வெளியே வந்துவிட்டான். கோர்ட் வாசலில் தினமும் நின்ற ஜெசிந்தாவை அவன் ஏறிட்டும் பார்த்ததில்லை.

இன்று பெரும்பாக்கத்தில் அவனுக்குத்தான் வீடு காட்டினாள். குழாயைத் திறந்து பார்த்தான், சுவரைத் தட்டிப் பார்த்தான்.

“கதவு லூசா இருக்கும் போலயே மேடம்?”

“தேக்கு சார். நீங்களே தாழ்ப்பாளைப் போட்டுப் பாருங்களேன்.”

போட்டான். “நல்லா டைட்டா விழுது” என்று திரும்பினான்.

ஜெசிந்தாவின் கையில் துப்பாக்கி இருந்தது.

“ரோஸ்லினுக்கும் இப்படித்தான் விழுந்துச்சு, சார்.”