காப்பிச் சாயம்

"அசையாதீங்க சித்தி, காதுக்குள்ள போயிடும்."

குளியலறை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த சின்னவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அக்கா மகள் பின்னால் நின்றிருந்தாள். கெட்டியாகக் கொதிக்க வைத்து ஆற்றிய காப்பியில் இன்னும் கொஞ்சம் தூளைப் போட்டுக் குழைத்து, முடியை வகிடு வகிடாகப் பிரித்துத் தலையில் அப்பிக்கொண்டிருந்தாள்.

கழுத்தைச் சுற்றியிருந்த பழைய துண்டு முழுக்கப் பழுப்புக் கறை. வீடே காப்பிக் கடை மாதிரி மணத்தது.

கடையில் விற்கும் டை சின்னவளுக்கு ஆகாது. எப்போதோ ஆசைப்பட்டு அடித்து, கண் இரண்டும் வீங்கி, வேலைக்குப் போகாமல் படுத்துக் கிடந்தாள். அதோடு ஆசை தீர்ந்தது. பேக்கரியில் நாள் முழுக்கத் தொப்பிக்குள் கிடக்கிற தலை. நரைத்தால் என்ன, நரைக்காவிட்டால் என்ன?

போன வாரம் வரைக்கும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

நேற்றே ஒரு முறை பூசிப் பார்த்தாயிற்று. நரை செம்பட்டையானதுதான் மிச்சம். "பாலே ஊத்தலை, ஆனா பால் காப்பி கலர்தான் வந்திருக்கு," என்றாள் அக்கா மகள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

இன்றைக்கு இரண்டாவது பூச்சு. தலைக்குப் பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு ஊறவிட்டாள்.

காப்பி கொதிக்க வைத்தது அத்தான்தான். கிண்ணத்தைக் கொண்டுவந்து குளியலறை வாசலில் வைத்துவிட்டு, தலை நிமிராமல் சமையலறைக்குத் திரும்பிவிட்டார். கழுவின பாத்திரத்தையே அவர் மறுபடி கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

வெதுவெதுப்பான தண்ணீரில் அலசித் துவட்டியபோது தலை அடர் பழுப்பாக இருந்தது. வெளிச்சத்துக்கு எதிரே உட்காராவிட்டால் கருப்பு என்றே சொல்லிவிடலாம்.

அக்கா மகள் பக்க வகிடு எடுத்துச் சீவினாள். அலமாரியைத் திறந்து, தன் அம்மாவின் பச்சைச் சட்டையைக் கொடுத்தாள். அம்மாவின் மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்து, சித்தியின் முகத்தில் மாட்டினாள்.

மாட்டிய கை காதோரம் அப்படியே நின்றுவிட்டது.

"அம்மா," என்றாள். கூப்பிட்டாளா, சும்மா சொன்னாளா, அவளுக்கே தெரிந்திருக்காது. வாயைப் பொத்திக்கொண்டு அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பெரியவளும் சின்னவளும் இரட்டைப் பிள்ளைகள். கொஞ்சம் முந்திக்கொண்டதால் ஒருத்தி பெரியவள் ஆனாள். குரல்கூட ஒன்றுதான், போனில் பேசினால் அத்தானே ஏமாந்துபோவார். வளர்ந்த பிறகு வித்தியாசம் என்று இருந்ததெல்லாம் பெரியவளின் கண்ணாடியும், அவள் மாதம் தவறாமல் அடித்துக்கொண்ட டையும்தான்.

வேலை முடிந்து வரும் வழியில் நடைபாதையில் சரிந்து விழுந்த பெரியவள் அப்புறம் எழுந்திருக்கவில்லை.

அந்த வாரம்தான் வேறு ஊரில், அண்ணன் வீட்டோடு இருந்த அம்மாவுக்கு நெஞ்சில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. அதிர்ச்சி தருகிற எதையும் காதில் போடக் கூடாது என்றார் மருத்துவர். அண்ணனும் சொல்லவில்லை, அண்ணியும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவளாகவும் சின்னவளாகவும் ஒருத்தியே அம்மாவிடம் பேசினாள். பெரியவள் போனில் கேமரா கெட்டுப்போய்விட்டது என்று சொல்லிவைத்தார்கள்.

கேமரா எத்தனை நாள்தான் கெட்டுக் கிடக்கும்? பெரியவள் முகத்தைப் பார்க்காமல் இனி மாத்திரையைத் தொடமாட்டேன் என்று போன வாரம் அம்மா ஒற்றைக் காலில் நின்றாள்.

போன் அடித்தது.

சின்னவள் கூடத்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்தாள். சட்டையில் அக்காவின் பவுடர் வாசனை இன்னும் போகாமல் இருந்தது. பொத்தானை அழுத்தினாள்.

அம்மா பாதியாக இளைத்திருந்தாள். அண்ணிதான் போனைப் பிடித்திருந்தாள்.

அம்மா முதலில் தலையைப் பார்த்தாள். கண்ணாடியைப் பார்த்தாள். அப்புறம் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கண்களைப் பார்த்தாள். பார்வை அங்கேயே நின்றுவிட்டது.

"நல்லாத்தான் இருக்கேம்மா," என்றாள் சின்னவள், கேட்பதற்கு முன்பே.

"சின்னவ எங்க?"

பதில் தயாராக இருந்தது. "பேக்கரிக்குப் போயிட்டாம்மா."

அம்மா மெதுவாகத் தலையாட்டினாள்.

"அவளும் போயிட்டாளா," என்றாள்.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

அந்தப் பக்கம் அண்ணி பிடித்திருந்த போன் சாய்ந்துவிட்டது. திரையில் கொஞ்ச நேரம் வெறும் கூரைதான் தெரிந்தது. யார் சொன்னது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. யாரும் சொல்லித்தான் அம்மாவுக்குத் தெரிய வேண்டும் என்று இல்லையோ என்னவோ.

படம் நேரானபோது அம்மா சின்னவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே, ஈரக் கையோடு பின்னால் வந்து நின்றவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளிலும் போன் பக்கமே வராமல் இருந்தவர் அவர்.

சின்னவள் நகர்ந்து இடம் விட்டாள். அத்தான் உட்காராமல் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாப்பிள்ளை," என்றாள் அம்மா, நோயாளியைப் பார்க்க வந்தவள் குரலில். "வேளாவேளைக்குச் சாப்பிடுறீங்களா?"