யாரோ செய்த திருத்தம்

ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் ஃபிஜியைவிட்டுப் போன வகுப்புத் தோழர்களுக்காக, அங்கேயே நமாகா ஊரில் தங்கிவிட்ட ரஞ்சனா விக்கிப் பக்கமொன்று தொடங்கினாள்.

“ராஜ்னீல், கனடா. மணமானவர்” என்று மனசில்லாமல் எழுதினாள். ஊர்ப்பேச்சு அப்படி. மறுநாள் “மணமாகாதவர்” என்றிருந்தது. பழையபடி மாற்றினாள். யாரோ மறுபடி திருத்தினார்கள்.

“எவன்டி இது?”

“அரே, வலைப்பூன்னா நீ எழுதினதுதான் நிக்கும். விக்கியில யாரும் கைவைக்கலாம்” என்றாள் தோழி ப்ரீதிகா.

“அப்போ வலைப்பூவுக்கே மாத்திடறேன்!”

பக்கத்தைத் திறந்தாள். புது வரி: “மணமாகாதவர். திருத்துவது ராஜ்னீலேதான். விமானம் ஏறிய அன்று ரஞ்சனாவிடம் கேட்டதற்குப் பதில் வருமென்று காத்திருக்கிறார்.”

ரஞ்சனா ப்ரீதிகாவைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள். பிறகு உட்கார்ந்து, “காத்திருக்கிறார்” என்பதை அழித்துவிட்டுக் “காத்திருந்தார்” என்று திருத்தினாள்.